பண்ணைப்புரத்துப் பாட்டுக் குழு: எழுச்சியும் பிரிவும்

வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருக என விழாக் குழுவினர் பணித்தபோது, சுவாமி சகஜானந்தரைப் பற்றியே நாம் எழுதுவோம் என்று அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். சிதம்பரத்தில் 1916ஆம் ஆண்டு நந்தனார் பெயரால் சுவாமிகள் தொடங்கிய பள்ளி இல்லையேல், இம்மலரில் எழுதியுள்ளோர் பலருடைய பாட்டனார் கைந்நாட்டு வைப்பவராகவே இருந்து மறைந்திருப்பர். அன்னாரின் தொண்டு குறித்து அறிஞர் பலர் எழுதியுள்ளனர்; இனியும் எழுதுவர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் ஊர் ஊராகச் சென்று பாடி, பின் கலைந்து போன ஒரு பாட்டுக் குழுவின் வரலாறு அது.

இன்று நம் பிள்ளைகள் நால்வர் ஐவராகக் கூடி, கிட்டார் ஒன்றும் டிரம்ஸ் ஒன்றும் வாங்கி, ‘பேண்டு’ என்று பெயர் சூட்டிக்கொள்கின்றனர். ராக் இசை என்கின்றனர். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலே எளிய வீட்டுப் பிள்ளைகள் நால்வர் ‘பீட்டில்ஸ்’ என்னும் பெயரில் 1960களில் உலகையே ஆட்டிவைத்ததையும், 1970இல் அக்குழு பிரிந்ததையும் நாள் தவறாமல் ஒப்பிக்கின்றனர். அதில் நமக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதே 1960களில் நம் தமிழ்நாட்டிலே, ஒடுக்கப்பட்ட குடும்பம் ஒன்றில் பிறந்த அண்ணன் தம்பியர் நால்வர், ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையிலும் சமவெளியிலும் பாடித் திரிந்தனர் என்பதை அவர்கள் அறியார். அந்நால்வருள் ஒருவர் பெயர் இன்று உலகறிந்தது. அவருக்குப் பாட்டு மேடையைக் காட்டிய மூத்தவர் பெயரைச் சொன்னால், நம் வகுப்பறையில் ஒரு கையேனும் உயர்வதில்லை.

பண்ணைப்புரம் தேனி மாவட்டத்து ஊர். நம் கடலூருக்கு நெடுந்தொலைவு. அவ்வூர்ச் செய்தி இம்மலருக்கு எதற்கு என்று கேட்போர் இருப்பின், நம் ஊர்களைச் சற்றே எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். புவனகிரியிலிருந்து காட்டுமன்னார்கோயில் வரை, குறிஞ்சிப்பாடியிலிருந்து கடலூர் முதுநகர் வரை, நம் தெருக்களில் வாத்தியம் இல்லாத தெரு உண்டா? பறை உண்டு, பெரிய மேளம் உண்டு, கிளாரினெட்டும் டிரம்பெட்டும் கொண்ட பேண்டு செட்டு உண்டு. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் மெல்லிசைக் குழுக்களும் தோன்றி மறைந்தன. இவற்றுள் ஒன்றன் வரலாறேனும் எழுத்தில் உள்ளதா? எந்த ஆண்டு தொடங்கினர், யார் பயிற்றுவித்தார், ஏன் கலைந்தனர் என்பதை அறிய வேண்டுமாயின் முதியோர் வீட்டுத் திண்ணையைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அத்திண்ணைகளும் குறைந்து வருகின்றன.

எழுதாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. சாவுக்குப் பறையடிப்பது நம்மவர்மேல் சுமத்தப்பட்ட ஊழியம். கூலியும் அற்பம், அவமதிப்போ அளவில்லை. ஆகவே, பறையைக் கீழே வை, புத்தகத்தைக் கையில் எடு என்று நம் பெரியோர் முழங்கினர். அடிக்க மாட்டோம் என்று மறுத்த ஊர்களில் அடி உதை பட்டவர் உண்டு. வேலை இழந்தவர் உண்டு. அவர்கள் செய்தது முற்றிலும் சரி. ஆனால் இழிவைத் துறக்கும்போது அதனோடு இசையையும் சேர்த்துத் துறக்க நேர்ந்தது. வாத்தியக்காரர் வீட்டுப் பையன் என்று பள்ளியில் சொல்ல மாணவர் கூசினர். தை, ஆவணி முகூர்த்த நாட்களில் வருகைப் பதிவேட்டில் சில பெயர்களுக்கு எதிரே வெற்றுக் கட்டம் விழும்; பேண்டு செட்டுடன் போயிருக்கிறான் என்று பக்கத்துப் பையன் தாழ்ந்த குரலில் சொல்வான். திரும்பி வந்ததும் அவனைக் கண்டிப்பது ஆசிரியர் கடமை. நாமும் அக்கடமையைச் செய்துள்ளோம். பண்ணைப்புரத்துக் கதை அக்கடமையின் மறுபக்கத்தைக் காட்டுவது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் உள்ளது பண்ணைப்புரம். மலைக்கு மேலே தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தேயிலை, ஏலத் தோட்டங்கள். அடிவாரத்து ஊர்களிலிருந்து மக்கள் மலையேறிப் போய்த் தோட்ட வேலை செய்வது தலைமுறை தலைமுறையாக நடந்தது. அங்ஙனம் போனோரில் பெரும்பகுதியினர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தைச் சேர்ந்தன. தோட்டங்களில் உழைத்தோர் பேசியது தமிழ். ஆட்சி மொழி மலையாளம். இவ்வமைப்பை நினைவில் நிறுத்திக்கொள்வது பின்வரும் செய்திக்கு இன்றியமையாதது.

டேனியல் இராமசாமி என்பாரின் மூத்த மகன் வரதராஜன். இவருக்குப் பின் பாஸ்கர், ராசையா, அமர்சிங் என்னும் தம்பியர். பாட்டுக் கட்டுவதில் வரதராஜனுக்கு இயல்பான வேகம் இருந்தது. பொதுவுடைமைக் கட்சியில் ஈடுபாடு கொண்டு, அக்கட்சியின் மேடைகளில் தாமே கட்டிய பாடல்களைத் தாமே பாடினார். மக்கள் அவரைப் பாவலர் என்றனர். பல்கலைக்கழகமோ மடமோ அளித்த பட்டம் அன்று அது.

அக்காலத்தே பொதுவுடைமை மேடையில் பாட்டுக்குத் தனி மதிப்பு இருந்தது. 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அக்கட்சி 62 இடங்களைப் பெற்றது. பணமும் பத்திரிகை பலமும் அதற்குக் குறைவு. எழுதப் படிக்கத் தெரியாத உழவரிடமும் தோட்டத் தொழிலாளரிடமும் செய்தியைக் கொண்டு சேர்க்க நாடகமும் பாட்டுமே வழி. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் அம்மரபில் தோன்றித் திரையுலகிலும் வென்று, 1959இல் 29 வயதிலேயே மறைந்தார். மராட்டிய நாட்டிலே, மாங் என்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பில் பிறந்த அண்ணாபாவ் சாத்தே, அமர் ஷேக் முதலிய தோழர்களோடு 1944இல் ‘லால் பாவ்டா கலாபதக்’ என்னும் செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கிப் பம்பாய் ஆலைத் தொழிலாளரிடையே பாடினார். அண்ணல் அம்பேத்கரின் கொள்கையைப் பரப்ப அங்கே ஜல்சாக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்றன. பண்ணைப்புரத்தில் நடந்தது தனித்ததோர் அற்புதம் அன்று. நாடெங்கும் நடந்த ஒன்றன் தமிழ் வடிவம்.

இனி அக்குழுவின் எழுச்சிக்கு வருவோம். 1957இல் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் பொதுவுடைமை அமைச்சரவை ஏற்பட்டது. மொத்தம் 126 இடங்களில் கட்சிக்கு 60. கட்சி ஆதரித்த சுயேச்சைகள் 5. நூலிழைப் பெரும்பான்மை. அந்நிலையில், தேவிகுளத்தில் வென்றிருந்த ரோசம்மா புன்னூஸ் அம்மையாரின் தேர்தல் செல்லாது எனத் தீர்ப்பாக, 1958இல் அங்கே இடைத்தேர்தல் வந்தது. ஓர் இடம் போனாலும் அமைச்சரவைக்கு ஆபத்து என்ற நிலையில் இரு தரப்பும் முழு வலிமையோடு களமிறங்கின. வாக்காளரில் பெருந்தொகையினர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர். தலைவர்களின் மலையாளப் பேச்சு அவர்கள் உள்ளத்தைத் தொடுவது அரிது. அப்போது அடிவாரத்திலிருந்து மலையேறினார் வரதராஜன்.

அவர் கையாண்ட உத்தி எளியது. மக்கள் நாவில் ஏற்கெனவே உருண்டுகொண்டிருந்த திரைப்பட மெட்டையும் நாட்டுப்புற மெட்டையும் எடுத்துக்கொண்டு, சொற்களை மட்டும் மாற்றிவிடுவார். மெட்டு தெரிந்ததாகையால் இரண்டாம் முறை பாடும்போது கூட்டமே உடன் பாடும். மறுநாள் காலை கொழுந்து பறிக்கும் பெண்கள் மலைச்சரிவில் அதைப் பாடிக்கொண்டிருப்பர். காங்கிரசின் அன்றைய சின்னம் நுகத்தில் பூட்டிய இரட்டைக் காளை. அக்காளைகளைக் கேலி செய்து அவர் கட்டிய பாட்டு தோட்டம் தோட்டமாகப் பரவிற்று. ஏச்சும் எள்ளலும் கலந்த அந்நடை, அறுவடைக் களத்தில் பெண்கள் எசப்பாட்டுப் பாடும் நடையே அன்றி வேறன்று. ரோசம்மா அம்மையார் மீண்டும் வென்றார். இவ்வெற்றி பாவலர் வரதராஜனுக்கு உரியது என்று முதலமைச்சர் நம்பூதிரிபாட் வெளிப்படையாகப் பாராட்டினார் என அக்குடும்பத்தார் பெருமையோடு கூறி வந்துள்ளனர். ஒரு முதலமைச்சர் வாயால் இத்தகைய பாராட்டைப் பெற்ற பாட்டுக்காரர் நம்மவருள் எத்தனை பேர்? அவ்வமைச்சரவை 1959 ஜூலை 31ஆம் நாள் கலைக்கப்பட்டது என்பது வேறு வரலாறு.

வெற்றிக்குப் பின் அழைப்புகள் குவிந்தன. தனியொருவர் ஈடுகொடுக்க இயலாத அளவு கூட்டங்கள். இடைவிடாத பயணத்தால் குரலும் உடலும் சோர்ந்த வேளையில், தம்பி ராசையாவை உடன் அழைத்துச் செல்லுமாறு தாய் சின்னத்தாயம்மாள் சொன்னார். தனிப்பாடகர் குழுவானது அப்படித்தான். ராசையாவுக்கு அப்போது வயது பதினான்கு, பதினைந்து.

அப்பிள்ளையின் படிப்பு என்னவாயிற்று என்று ஆசிரியராகிய நமக்குக் கேட்கத் தோன்றுகிறது. எட்டாம் வகுப்பு முடித்தபின் மேலே படிக்கப் பணம் இல்லை. வைகை அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம். அங்கே கூலி வேலை செய்து பள்ளிக்கட்டணம் சேர்த்ததாக அவரே மேடைகளில் கூறியிருக்கிறார். படிக்க விரும்பி, அணைக்கட்டில் கூலி செய்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் வைத்துக்கொள்ள முடியவில்லை. பாட்டு மேடை எடுத்துக்கொண்டது. இதை எழுதுகையில் நம் கழகத்தார் ஏழை மாணவர்க்குக் கட்டணம் கட்டி வந்ததன் அருமை நமக்குப் புலப்படுகிறது. அதே மூச்சில், ராசையாவுக்கு அன்று யாரேனும் கட்டணம் கட்டியிருந்தால் நாடு ஓர் எழுத்தரையோ ஆசிரியரையோ பெற்று ஓர் இசைமேதையை இழந்திருக்குமோ என்ற எண்ணமும் எழுகிறது. இவ்விரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் முன்வரவில்லை. ஒன்று மட்டும் உறுதி: கட்டணம் இல்லாமல் படிப்பை விட்ட பிள்ளைகள் எல்லார்க்கும் பாடத் தெரிந்த அண்ணன் வாய்த்தானில்லை.

அக்குழு எவ்வாறு இயங்கிற்று என்பதைச் சற்று விரித்துரைப்பது தகும். கருவிகள் சிலவே: ஆர்மோனியம் ஒன்று, தாளத்துக்குத் தபேலா, பிறகு குரல்கள். பாஸ்கர் தாளம் கவனித்தார். ஆர்மோனியம் அண்ணனுடையது, தம்பியர் தொடக் கூடாது. அண்ணன் இல்லாத வேளைகளில் திருட்டுத்தனமாகத் தொட்டுப் பழகியதாக ராசையா பின்னாளில் சொல்லியுள்ளார். மேடையில் பாடப் பெண்கள் கிடைப்பது அரிது. ஆகவே ஆண் பெண் உரையாடலாக அமைந்த பாடல்களில் பெண் குரல் ராசையாவுடையது. ஆண்டுகள் செல்லக் குரல் உடைந்தது. பெண் குரல் போயிற்று. கூட்டத்தின் கைதட்டலும் குறைந்தது. இளையவர் அமர் அவ்விடத்துக்கு வந்தார். பாட இடமில்லாமற் போன ராசையா முழு மூச்சாக ஆர்மோனியத்தில் இறங்கினார். குரல் உடைந்ததனால் கருவிக்குப் போன பிள்ளைதான் பின்னர் நூறு கருவிகளை ஒருங்கே ஆளும் வல்லமை பெற்றார்.

பொதுக்கூட்ட மேடை எத்தகையது என்பதை நேரில் கண்டவர் அறிவர். மாலை ஆறு மணிக்கு என்று துண்டறிக்கை சொல்லும். தலைவர் இரவு பத்து மணிக்கு வந்து சேர்வார். அதுவரை கூட்டத்தைக் கலையாமல் வைத்திருப்பது பாட்டுக்காரர் பொறுப்பு. எதிர்க்கட்சிக்காரர் கூச்சலிடுவர்; குழாய் ஒலிபெருக்கி கரகரக்கும்; மின்சாரம் நிற்கும். அன்று காலை நாளிதழில் வந்த செய்தி மாலைப் பாட்டில் இருந்தாக வேண்டும். ஒரே இரவில் வயதானவர், வாலிபர், பெண்கள், குடித்துவிட்டு வந்தவர் அனைவரையும் கட்டிப்போட வேண்டும். ஏதேனும் ஓர் அடி தொய்ந்தால் கூட்டம் எழுந்து போய்விடும். இசைக்கல்லூரி எதுவும் கற்பிக்க இயலாத பாடம் இது. ஒரு மெட்டு மக்கள் காதில் எவ்விடத்தில் ஒட்டும், எவ்விடத்தில் ஒட்டாது என்பதை அப்பிள்ளைகள் பத்தாண்டுகள் நாள்தோறும் தேர்வு எழுதிக் கற்றனர்.

நம் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941இல் தமிழிசை மாநாடு கூடிற்று. தெலுங்குக் கீர்த்தனை கோலோச்சிய மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்ட அப்பேரியக்கத்தை நாம் போற்றுகிறோம். ‘நந்தனார்’ படத்தில் நந்தனாகவே நடித்துப் பாடிய தண்டபாணி தேசிகர் பின்னர் அப்பல்கலைக்கழகத்திலேயே இசைப் பேராசிரியராக விளங்கினார். ஆயினும் அங்கு இடம் கேட்கப்பட்டது தேவாரத்துக்கும் கீர்த்தனைக்குமே. நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பறையும் தமிழிசையா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. மேடையில் நந்தன் பாடினான். நந்தன் குலத்துப் பாட்டு மேடையேறவில்லை. பாவலர் வரதராஜன் போன்றோர் எவர் அனுமதியையும் கேளாமல் அதனைத் தெருவோர மேடையில் ஏற்றினர். நந்தன் கதைப் பாடல்கள் வழிவிடுமாறு இரக்கும் பாடல்கள். பாவலருடையவை கூலி கேட்கும் பாடல்கள். இவ்வேற்றுமையை நம் மாணவர் கருத வேண்டும்.

1964ஆம் ஆண்டு இக்குழுவின் வரலாற்றில் ஒரு திருப்பம் எனலாம். அவ்வாண்டு மே 27இல் பண்டித நேரு மறைந்தார். கண்ணதாசன் எழுதிய இரங்கற் கவிதைக்கு ராசையா மெட்டமைத்தார். அதுவே தம் முதல் இசையமைப்பு என அவர் குறித்துள்ளார். அதுவரை மெட்டு ஊராருடையது, சொல் அண்ணனுடையது. இப்போது சொல் வேறொருவருடையது, மெட்டு தம்பியுடையது. அன்று அதை எவரும் பிரிவு என்று எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் தம்பியின் வழி வேறாகத் தொடங்கிய இடம் அதுவே என்பது நம் கருத்து.

அதே 1964இல் பொதுவுடைமைக் கட்சியும் இரண்டாகப் பிளந்தது. நேற்றுவரை ஒரே மேடையில் நின்ற தோழர்கள் எதிரெதிர் மேடை போட்டனர். 1967இல் தி.மு.கழகம் ஆட்சியைப் பிடித்தது. மேடைத் தமிழும் திரைப்படமும் ஒன்றாய்க் கலந்த புதிய அரசியல் காலம் அது. திரை நடிகரைக் காணத் திரளும் கூட்டத்தின் முன், ஆர்மோனியமும் தபேலாவும் கொண்ட குழு எம்மாத்திரம்?

இவையெல்லாம் புறக் காரணங்கள். அடிப்படைக் காரணம் வயிறு. கட்சி மேடையில் கைதட்டல் உண்டு, சாப்பாடு உண்டு, பேருந்துக் கட்டணம் உண்டு. மாதச் சம்பளம் இல்லை. இலட்சியத்துக்காகப் பாடுபவனுக்கும் வீடு உண்டு, தாய் உண்டு. தனியாளாக இருக்கும்வரை அண்ணன் பொறுத்துக்கொள்ளலாம். நான்கு சகோதரரும் வளர்ந்து குடும்பம் காணும் வயது வந்தபோது அவ்வருவாய் எவருக்கும் போதுமானதாக இராது. கட்சியை மட்டும் நாம் குறை கூறவில்லை. கட்சியே கடனில் நடந்தது. கலைஞனைக் கூட்டத்துக்கு அழைத்து, மாலையிட்டு, வெறுங்கையோடு வழியனுப்பும் பழக்கம் எல்லா இயக்கங்களிலும் உண்டு. நம் இயக்கங்களிலும் உண்டு. விழா மேடைகளில் கண்டிருக்கிறோம்.

1968ஆம் ஆண்டளவில் தம்பியர் சென்னைக்குப் புறப்பட்டனர். வீட்டில் இருந்த வானொலிப் பெட்டியை விற்று, கிடைத்த 400 ரூபாயையும் தாய் அப்படியே கையில் கொடுத்தனுப்பினார்; தமக்கென ஒரு ரூபாயும் எடுத்துக்கொள்ளவில்லை. இதனை இளையராஜா பலமுறை சொல்லிக் கண்கலங்கியிருக்கிறார். மூத்தவர் உடன் வரவில்லை. பண்ணைப்புரத்துப் பாட்டுக் குழு அன்றோடு முடிந்தது. சண்டை இல்லை, வழக்கு இல்லை, அறிவிப்பும் இல்லை. உலகப் புகழ் பெற்ற குழுக்கள் பிரிந்தால் நீதிமன்றம் வரை போகும்; ஏழைகளின் குழு பேருந்து நிலையத்தில் பிரியும்.

சென்னையில் அவர்கள் நாடிச் சென்றோருள் நம் கடலூர் மண்ணில் பிறந்த எழுத்தாளர் ஜெயகாந்தன் ஒருவர். பொதுவுடைமை இயக்கத்தால் ஏற்பட்ட பழக்கம். உங்களை நம்பி வந்தோம் என்று இவர்கள் சொல்ல, என்னை நம்பி எப்படி வரலாம் என்று அவர் கடிந்து அனுப்பிவிட்டார். இளையராஜா இதனை வருத்தத்தோடன்றி நன்றியோடே நினைவுகூர்வார். தம்மை நம்பு என்று அவர் சொன்னதாகவே எடுத்துக்கொண்டாராம். பின்னாளில் ஜெயகாந்தனைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை இளையராஜாவே தயாரித்தார். கடலூர்க்காரர் கோபத்துக்கும் ஒரு பயன் உண்டு என்று நாம் மகிழ்ந்துகொள்ளலாம்.

பின்னர் நடந்தவை பலர் அறிந்தவை, விரைந்து சொல்கிறோம். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் ராசையா மேல்நாட்டு இசை இலக்கணம் கற்றார். இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகச் சேர்ந்தார். வங்கத்து சலீல் சௌத்ரியின் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தார். அந்த சலீல் சௌத்ரியும் ஒரு காலத்தில் பொதுவுடைமைக் கலை மேடையில் பாட்டுக் கட்டியவர்தாம் என்பது எண்ணத்தக்கது. 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தது. கடலூரிலும் சிதம்பரத்திலும் கல்யாண வீடு, காதுகுத்து, கோயில் திருவிழா என எங்கு ஒலிபெருக்கி கட்டினாலும் அப்பாடல்களே ஒலித்தன. நாம் அப்போது தொடக்கப்பள்ளிச் சிறுவர். நம் தெருப் பெண்கள் நடவில் பாடும் இழுப்பும் குலவையும் ஒலிபெருக்கியில் வருகிறதே என்று முதியோர் வியந்ததை நாம் கேட்டிருக்கிறோம். எவரும் வெட்கப்படவில்லை. அதுவரை தெருவுக்குள் ஒளிந்திருந்த பாட்டு, ஊர் முழுதும் கேட்கும் பாட்டாயிற்று.

அமர்சிங் கங்கை அமரன் ஆனார். 1977இல் ‘16 வயதினிலே’ படத்துக்கு அவர் எழுதிய பாடல், பாடிய எஸ். ஜானகி அம்மையாருக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. 1989இல் அவர் இயக்கிய ‘கரகாட்டக்காரன்’ தெருக்கலைஞர் கதை. ஊர் ஊராகப் போய் ஆடும் குழுவின் சிரிப்பையும் சிறுமையையும் அவர் எங்கே கற்றார் என்று சொல்ல வேண்டியதில்லை. 2016இல் வெளிவந்த ‘தாரை தப்பட்டை’யும் கலைந்துபோகும் ஒரு குழுவின் கதையே, பின்னணி இசைக்கு இளையராஜா தேசிய விருது பெற்றார்.

இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்லுதல் நேர்மை. இளையராஜா அவர்கள் சாதியை முன்னிட்டுத் தம்மைப் போற்றுவதை விரும்பியவர் அல்லர். அவர் படத்தை நம் விழாப் பதாகைகளில் தலைவர்கள் படத்தோடு சேர்த்துப் போட வேண்டும் என்று இளைஞர் சிலர் வாதிட்டதுண்டு. கூடாது என்று முதியோர் சிலர் மறுத்ததுண்டு. நம் கருத்து இது. இசையால் மட்டுமே அறியப்பட விரும்பும் ஒருவர்மேல் நாம் அடையாளத்தை ஏற்றுதல் முறையன்று. பிறந்த இடத்தால் அறியப்படுவதன் சுமை நமக்குத் தெரியாததா? ஆனால் பாவலர் வரதராஜன் செய்தி வேறு. அவர் பாடியதே உழைத்து ஒடுங்கிய மக்களுக்காக, அவர்கள் முன்னிலையில். அவரைப் படிப்பதற்கு எவர் அனுமதியும் வேண்டுவதில்லை. அவரையோ நாம் படிக்கவில்லை. வென்றவரை உரிமை கொண்டாடத் துடிக்கிறோம். நமக்காகப் பாடித் தேய்ந்தவரை விட்டுவிட்டோம். ஒரு கூட்டத்துக்குக் கட்டிய பாட்டு அடுத்த கூட்டத்தில் மாறிவிடும் இயல்புடையதாகையால், மேடைப் பாட்டைக் கேட்டவர் மறைந்தால் பாட்டும் மறையும்.

பின்வந்தோர் சற்று விழிப்போடு இருந்தனர். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக இருந்த கே.ஏ. குணசேகரன் (1955–2016) ‘தன்னானே’ குழுவைக் கொண்டு பாடியதோடு நில்லாமல், பாடல்களை ஒலிநாடாவாக்கினார். ஆய்வு நூல்கள் எழுதினார். தம் வாழ்வை ‘வடு’ என்னும் நூலாக்கினார். கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்தமையால் நம் பகுதி மேடைகளுக்கு அவர் குரல் அயலன்று. 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு முதன்முறை மேடையேறிற்று. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய அக்குழுவில் கானா, ராப், ராக் மூன்றும் கலந்தன. சாதியற்றோர் என்னும் பொருள் தரும் அப்பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) சிந்தனையிலிருந்து பெற்றது. அக்குழுவில் பாடிய இசைவாணி 2020இல் பி.பி.சி. நிறுவனம் வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். சாவுக்குப் பாடும் கானா என்று ஒதுக்கப்பட்ட பாட்டு அது. நம் பிள்ளைகள் ‘பேண்டு’ என்று சொல்லும்போது இம்மரபைத்தான் சொல்கின்றனர், அவர்கள் அறியாவிடினும்.

நம் ஊர்ப் பேண்டு செட்டுகள், மெல்லிசைக் குழுக்கள் பற்றிய செய்திகளைத் திரட்டும் வேலையை எம் பள்ளி மாணவர் சிலர் விடுமுறை நாட்களில் தொடங்கியுள்ளனர். குழுவின் பெயர், கருவிகள், வாத்தியார் யார், எந்த ஊர்வரை போய் வாசித்தனர், எப்போது நின்றது என ஐந்து கேள்விகள். ஒரு நோட்டுப் புத்தகம். பெரும்பாலோர் ஐந்தாம் கேள்விக்குத் தரும் விடை பண்ணைப்புரத்து விடையே: பையன்கள் வேலைக்குப் போய்விட்டார்கள்.

பாவலர் வரதராஜன் 1973இல் காலமானார். ‘அன்னக்கிளி’ வர மேலும் மூன்று ஆண்டுகள் இருந்தன. 1981இல் பாஸ்கர் தயாரிப்பில், பாரதிராஜா இயக்கத்தில், இளையராஜா இசையில் ‘அலைகள் ஓய்வதில்லை’ வெளிவந்தது. டூரிங் கொட்டகையின் மணல் தரையில் அமர்ந்து அப்படத்தைப் பார்த்தோம். தொடக்கத்தில் திரையில் தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் வந்தது: பாவலர் கிரியேஷன்ஸ். பாட்டு வரும் இடங்களில் எல்லாம் கொட்டகை அதிர்ந்தது. பாவலர் என்பவர் யார் என்று அன்று எங்களுள் ஒருவரும் கேட்கவில்லை.